பையனுக்குச் சொல்ல வேண்டாம்

நாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தபின் என்னென்ன செய்யலாம் என்பதில், இளம் கால்நடை மருத்துவர்களான உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மருந்துகளின் பெயரும் அளவும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் மந்தைவெளியில் கிளினிக் தொடங்கிய காலத்தில் ஒரு நாயின் நெஞ்சைப் படம் எடுப்பதே பெரிய ஏற்பாடு. லஸ் பக்கம் மனிதர்களுக்கான எக்ஸ்ரே நிலையம் ஒன்று இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தும் நேரத்தில் அதன் உரிமையாளர் எங்களைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவார்.

"முன்பக்கம் வராதீங்கம்மா. நாய் படுத்த மெஷின்னு தெரிஞ்சா நாளைக்கு ஒரு பேஷண்ட் வர மாட்டான்" என்பார். படம் ஈரத்தோடு கைக்கு வரும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். கெட்ட சேதி இருந்தால் அவருக்கும் முகம் வாடிவிடும். அடுத்த முறை போகும்போது, "அந்தக் கறுப்பு நாய் எப்படி இருக்கு?" என்று கேட்பார். அந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பின்வாசல் இன்னும் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு சீனியர் இருந்தார். அறுவையில் வேகமானவர். ஆனால் கெட்ட சேதி சொல்லும்போது மட்டும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு கையை நாயின் மேல் வைத்துக்கொண்டு, நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொள்வார். எதிரே இருப்பவர் பேசும்வரை தானாக ஒரு வார்த்தை பேச மாட்டார். ஏன் சார் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். "அவங்க முதல்ல என்ன கேக்கறாங்களோ அதுலதான் வைத்தியம் ஆரம்பிக்குது. நாம பேசிக்கிட்டே இருந்தா அதைக் கேக்க விட மாட்டோம்" என்றார். பிற்பாடு ஞாயிறு இணைப்பு ஒன்றில் செல்லப்பிராணிகள் பற்றிய கேள்வி பதில் பகுதியைச் சில ஆண்டுகள் எழுதினேன். வாசகர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதும் பழக்கம் அங்கே இன்னும் இறுகியது.

இன்று எழுதப்போவது ரவா என்ற நாயைப் பற்றி. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதைவிட, யார் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அங்கே சிக்கலாக இருந்தது.

ரவா மஞ்சள் நிற லாப்ரடார். நெய்யில் வறுத்த ரவையின் நிறம் என்று அந்த வீட்டு லலிதா மாமி வைத்த பெயர். மாமியின் கணவர் ரமணன், இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககம் ஒன்றில் இரண்டாவது மாடி வீடு. நாயை வாங்கியவன் அவர்களுடைய ஒரே மகன் ஸ்ரீராம். இஞ்சினியரிங் கடைசி ஆண்டில் படிக்கும்போது, குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் கிளினிக்குக்கு முதல் தடுப்பூசிக்கு வந்தான். சட்டையை நனைத்துவிட்டது என்று வெட்கப்பட்டுச் சிரித்தான். பிறகு மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான். படிப்பு வேலையாயிற்று. நாய் பெற்றோரிடம் தங்கிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு தடுப்பூசிக்கும் ரமணன் சார்தான் அழைத்து வருவார். ஆனால், "இது ஸ்ரீராமோட நாய்" என்று ஒவ்வொரு முறையும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் ரவா முன்னங்காலை நொண்டிக்கொண்டு வந்தது. மணிக்கட்டுக்கு மேலே கெட்டியான வீக்கம். தொட்டபோது அது கத்தவில்லை. என் கையை மெதுவாக வாயால் பிடித்து விலக்கியது. படத்தில் எலும்பு அரித்துப் போயிருந்தது. ஊசியில் எடுத்த மாதிரியும் அதையே உறுதி செய்தது. நெஞ்சுப் படம் மட்டும் சுத்தமாக இருந்தது.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து, எலும்பில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

"அதுக்கு வலிக்கறதா?" என்று மாமி கேட்டார்.

"நிறைய வலிக்குது மாமி. காட்டிக்கல."

வைத்தியம் அங்கிருந்து தொடங்கியது. காலை எடுத்துவிட்டால் வலி போய்விடும், ஆனால் நோய் போகாது, கண்ணுக்குத் தெரியாத விதைகள் ஏற்கெனவே நுரையீரலுக்குப் போயிருக்கும் என்று சொன்னேன். காலை எடுத்தபின் சில வாரங்களுக்கு ஒருமுறை ஊசி மருந்து ஏற்றினால் அந்த விதைகள் முளைப்பதைத் தள்ளிப்போடலாம். அப்போதும் மாதக் கணக்கில்தான் பேச முடியும். காலை எடுக்க வேண்டாம் என்றால் வலி மருந்துகள் உண்டு. அவை கொஞ்ச நாளைக்குக் கைகொடுக்கும். ஆனால் அந்த எலும்பு எப்போது வேண்டுமானாலும் உடையலாம். மருந்துக்கு வலி அடங்காத நாள் வந்தால் ஊசி போட்டு நிரந்தரமாகத் தூங்க வைத்துவிட வேண்டியிருக்கும்.

"மூணு கால்ல எப்படி நடக்கும்?" என்றார் ரமணன் சார்.

"இப்பவே மூணு கால்லதான் சார் நடக்குது. நாலாவதை ஊன்றதே இல்ல பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு தன் தொழில் பாஷைக்குப் போனார். "எங்க லைன்ல ஒண்ணு உண்டு டாக்டர். ரிப்பேருக்கு ஆறது வண்டியோட மதிப்பைத் தாண்டித்துன்னா டோட்டல் லாஸ்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிண்டே இருப்போம்."

"ரவா என்ன அம்பாசிடரா?" என்றார் மாமி.

அவர் சிரித்தார். ஆனால் முடிவு எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது மாமி திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"டாக்டர், ஸ்ரீராம் உங்களுக்குப் போன் பண்ணினான்னா மூட்டுவலின்னு சொல்லிடுங்கோ. நாங்களும் அப்படித்தான் சொல்லியிருக்கோம். அங்க தனியா இருக்கான். கேட்டா தவிச்சுப் போயிடுவான்."

இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபின் பிள்ளைக்குச் சொல்வார்கள். அம்மா விழுந்தால் கட்டுப் பிரித்தபின் சொல்வார்கள். அதையெல்லாம் அன்பினால்தான் செய்கிறார்கள். நாய் விஷயத்திலும் அதையே செய்தார்கள்.

நான் மாமியிடம் சொன்னேன்: "நானா கூப்பிட்டு எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா அவர் கூப்பிட்டுக் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"அவன் உங்களைக் கூப்பிட மாட்டான். எங்க மேல அவ்ளோ நம்பிக்கை அவனுக்கு" என்றார் மாமி. சொன்னபிறகு அந்த வாக்கியம் அவருக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வலி மருந்து கொடுத்து அனுப்பினேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசனை முடியவே இல்லை. ரவா வாரம் ஒருமுறை வந்தது. மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறையும் ரமணன் சாரிடம் கேட்டேன். ஒரு நாள் உண்மையான காரணம் வெளியே வந்தது.

"அவனோட நாய் டாக்டர் இது. நான் எப்படிக் காலை எடுங்கோன்னு சொல்றது? முடிச்சுடுங்கோன்னு மட்டும் எப்படிச் சொல்றது?"

"அப்ப அவரையே கேளுங்க சார்."

"கேக்கணும்னா முதல்ல சொல்லணுமே."

அவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட முடிச்சு இதுதான். முடிவெடுக்க வேண்டியவனுக்கு விஷயம் தெரியாது. விஷயம் தெரிந்தவர்களுக்கு முடிவெடுக்கத் துணிவில்லை. நடுவில் நோய் எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. காத்திருப்பதும் ஒரு முடிவுதான் சார் என்று சொன்னேன். தலையாட்டினார். அதற்குமேல் நான் அழுத்தவில்லை.

இதற்கிடையில் மகன் அங்கிருந்து மூட்டுவலிக்கு மாத்திரை அனுப்பினான். யாரோ நண்பர் ஊருக்கு வந்தபோது பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டிருக்கிறான். கூடவே மூட்டுக்கு இதமான ஒரு மெத்தையை இணையத்தில் ஆர்டர் செய்து வீட்டில் கொண்டுவந்து இறக்கச் செய்தான். மாமி மாத்திரை டப்பாவைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதைக் குடுத்தா கெடுதல் ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

"கெடுதல் இல்ல. பிரயோஜனமும் இல்ல."

"பரவால்ல. தினம் கேக்கறான், குடுத்தேளான்னு. குடுத்துட்டா குடுத்தேன்னு சொல்லலாம் பாருங்கோ."

"மெத்தையில படுக்குதா?"

"அதுல படுக்கறது இவர்தான்" என்று கணவரைக் காட்டினார்.

"நன்னாத்தான் இருக்கு" என்றார் ரமணன் சார்.

அவர்கள் போனபின் என்னிடம் உதவியாளராக இருந்த ஏழுமலை மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டாக்டரம்மா, இது மூட்டுவலி இல்லைன்னு அந்த மாமாவுக்குத் தெரியும், மாமிக்குத் தெரியும், நமக்குத் தெரியும். அவங்க தெருமுனைல இஸ்திரி போடறாரே, அவருக்கே தெரிஞ்சி கீது. இன்னா ஆச்சுன்னு என்னையே கேக்கறாரு. தெரியாதது பெத்த புள்ளைக்கு மட்டும்தான்."

"உங்க வாய் சும்மா இருக்காதா ஏழுமலை?"

"நான் இன்னாத்த சொன்னேன்? ரொம்ப வயசாச்சுன்னு சொல்லி வெச்சிக்கினு கீறேன். நானும் பொய்தான் சொல்லிக்கினு திரியறேன்."

ஒரு காலையில் கிளினிக் திறந்த சிறிது நேரத்தில் ரமணன் சாரின் போன் வந்தது. அவர் பேசுவதற்கு முன்பே பின்னால் ரவாவின் சத்தம் கேட்டது. அதுவரை ஒருநாளும் கத்தாத நாய். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிட்டது. நானும் ஏழுமலையும் மழையில் நடந்தோம்.

முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே படி திரும்பும் இடத்தில் ரவா கிடந்தது. காலை நடைக்கு இறங்கும்போது ஈரப்படியில் வழுக்கியிருக்கிறது. வீங்கியிருந்த இடத்தில் கால் இரண்டாக மடங்கியிருந்தது. மாமி படியில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்திருந்தார். ரமணன் சார் இரண்டு படி மேலே, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டைப் பித்தான் மாறிப் போடப்பட்டிருந்தது.

"முடிச்சுடுங்கோ டாக்டர்" என்றார். "தாங்கல. இப்பவே முடிச்சுடுங்கோ."

என் பையில் வலியை அடக்கும் மருந்து, தூங்க வைக்கும் மருந்து இரண்டுமே இருந்தன. இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். நாய் அலறும்போது எடுக்கப்படும் முடிவு அநேகமாக நாயைப் பற்றியது அல்ல, அலறலைப் பற்றியது. முதலில் அலறலை நிறுத்துங்கள். நான் வலிக்கு வலுவான ஊசியைப் போட்டேன். ஏழுமலை அட்டையும் துணியும் வைத்துக் காலை அசையாமல் கட்டினார். "ஒண்ணும் இல்ல நைனா, ஒண்ணும் இல்ல, தோ ஆயிடுச்சு" என்று அதனிடம் பேசிக்கொண்டே கட்டினார். கொஞ்ச நேரத்தில் ரவாவின் மூச்சு இறங்கியது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. படிக்கட்டில் மழைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

"இப்ப வலி அடங்கியிருக்கு. சாயங்காலம் வரைக்கும் தாங்கும்" என்றேன். "இனிமே மாத்திரை வழி கிடையாது. காலை எடுக்கணும், இல்ல தூங்க வைக்கணும். ரெண்டுல ஒண்ணு, இன்னிக்கே."

அப்போது மாமியின் மடியருகே கிடந்த போன் அடித்தது. திரையில் ஸ்ரீராமின் முகம். அது அவன் தினமும் வீடியோவில் அழைக்கும் நேரம். இங்கே காலைக் காப்பி முடிந்திருக்கும், அங்கே அவன் தூங்கப் போகுமுன் பேசுவான்.

"எடுக்காதே" என்றார் ரமணன் சார். "அப்புறம் பேசிக்கலாம். எல்லாம் ஆனப்புறம் சொல்லிக்கலாம்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாமி என்னைப் பார்த்தார்.

வீட்டு விஷயத்தில் தலையிடும் உரிமை எனக்கு இல்லை. நாயைக் கொண்டுவருபவர்தான் நமக்குப் பொறுப்பானவர் என்று நம் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. அதன்படி ரமணன் சார் சொன்னதே முடிவு. ஆனால் செய்துவிட்டால் திருப்ப முடியாத காரியம் அது. நான் அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்.

"நீங்க சொன்னா செய்யறேன் சார். நாளைக்கு உங்க பையன் என்னைக் கேட்டா, போன் அடிச்சது, எடுக்கலன்னும் சொல்லுவேன்."

மாமி எடுத்தார்.

"என்னம்மா, மாடிப்படில உக்காந்துண்டிருக்க?" ஸ்ரீராமின் குரல் படிக்கட்டில் எதிரொலித்தது. "கரண்ட் இல்லையா?"

மாமி போனை மேலே நீட்டினார். ரமணன் சார் இரண்டு படி இறங்கி வாங்கிக்கொண்டார். அதை நெற்றிக்கு நேராகப் பிடித்திருந்ததால் மகனுக்கு அவருடைய முன்மண்டை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"ஸ்ரீ. ரவாவுக்குக் கால் உடைஞ்சுடுத்து."

"எப்படிப்பா?"

"எலும்புல... அது மூட்டுவலி இல்லடா. கேன்சர்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மழை ஆரம்பிச்சப்பலேர்ந்து."

"நான் அனுப்பின மாத்திரை?"

"குடுத்துண்டுதாண்டா இருக்கேன், தினமும்" என்று மாமி கீழிருந்து அழுதுகொண்டே சொன்னார்.

"உங்க ஹார்ட் ஆபரேஷனையும் இப்படித்தாம்பா ஆத்துக்கு வந்தப்புறம் சொன்னேள்" என்றான் ஸ்ரீராம். குரலை உயர்த்தவில்லை. "அப்புறம் தினம் காலம்பற கூப்பிட்டு, நன்னா இருக்கேளான்னு கேக்கறேன். நன்னா இருக்கோம்னு சொல்றேள். அதுல எது நெஜம்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?"

ரமணன் சார் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

பெற்றோருக்குச் சொன்னதையே மகனுக்கும் சொன்னேன். ஒன்றை மட்டும் சேர்த்தேன்: நெஞ்சை மறுபடி படம் எடுக்க வேண்டும், அதில் புள்ளிகள் வந்திருந்தால் காலை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். அவன் எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"உங்க நாயா இருந்தா என்ன பண்ணுவேள் டாக்டர்?"

இதை உங்களையும் கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். "என் வீடு தரைத்தளம். என் வீட்டுல தூக்க ஆள் இருக்கு. உங்க வீடு ரெண்டாவது மாடி, இங்க இருக்கறது உங்க அப்பாவும் அம்மாவும். அதனால என் பதில் உங்களுக்கு உதவாது" என்றேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, எல்லாம் செய்யுங்கள் என்பார்கள். இவனும் அப்படித்தான் சொல்வான், பெற்றோர் சுமப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பாகிட்ட குடுங்கோ" என்றான். "அப்பா, நான் அங்க இல்ல. தூக்கப் போறது நீங்க, ராத்திரி முழிச்சுக்கப் போறது அம்மா. நீங்க சொல்லுங்கோ. எதுவா இருந்தாலும் எனக்குச் சம்மதம். நாயைப் பாத்துண்டது நீங்கதான்."

ரமணன் சார் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மருந்து மயக்கத்திலும் வாலை ஒருமுறை தரையில் தட்டியது.

"டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கார்" என்றார் மெதுவாக. எந்த டாக்டர் என்று எங்களுக்குச் சட்டெனப் புரியவில்லை. இதய டாக்டரைச் சொன்னார். "தினம் ரெண்டு வேளை. நானா இந்தப் படியை எறங்க மாட்டேன்டா, ஸ்ரீ. இவன் இழுக்கறான்னு எறங்கறேன்." பிறகு என்னிடம், "படம் எடுங்கோ. நெஞ்சு சுத்தமா இருந்தா காலை எடுத்துடுங்கோ" என்றார்.

பெட்ஷீட்டில் போட்டு, ஏழுமலையும் வாச்மேனும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தெருமுனை வரை தூக்கினார்கள். மாமி குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். குடை நாய்க்குத்தான்.

நெஞ்சு சுத்தமாக இருந்தது. அறுவையைப் பற்றி எழுதப் போவதில்லை, அதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ரவா எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை போனது. வீட்டுக்குப் போனபின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தில் நடக்கப் பழகியது. படி ஏற, வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்து ரமணன் சார் ஒருபக்கம் தாங்குவார். பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். இஸ்திரிக்காரர் மட்டும் முதல் நாளே, "இன்னா ஸ்பீடு பார்றா, நாலு கால்ல இருந்ததவிட நல்லா ஓடுது" என்றாராம். ஏழுமலை சொன்னார்.

பிறகு வந்த ஊசி நாட்களை நான் மறக்கவில்லை. இன்று கிளினிக் இல்லை, அந்தக் கட்டடமும் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்தக் காலைகள் அப்படியே நினைவில் இருக்கின்றன. ஜன்னலோரம் பெஞ்சு. ஸ்டாண்டில் மருந்து சொட்டும். ரமணன் சார் ரவாவின் கழுத்தடியில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். இன்னொரு கையில் போன். அங்கிருந்து மகன் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது போனை நேராகப் பிடிக்கக் கற்றிருந்தார். ஒருமுறை ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருந்ததால் ஊசியைத் தள்ளிப்போட்டேன். அதை அவரே மகனுக்கு விளக்கினார்: "இன்னிக்குப் போடலைடா. ரத்தத்துல பலம் பத்தாதாம். போட்டா ஜுரம் வந்துடும். அடுத்த வாரம் பாக்கலாம்னு சொல்றா." நான் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னார். கெட்ட சேதியை அரைமணி நேரம்கூட வைத்துக்கொள்ளவில்லை. ஊசி போட்ட சில நாளைக்கு நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மாமி வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை அந்தப் பக்கமே விடாமல் தானே துடைத்தார்.

வெயில் காலம் வந்தது. மெரினா பக்கம் சாயங்காலக் காற்றில் மூன்று கால் நாயும் ஓய்வு பெற்ற சர்வேயரும் நடப்பதை என் வீட்டுக்காரர் ஒருநாள் பார்த்துவிட்டு வந்து சொன்னார். யார் யாரை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரியவில்லை என்றார்.

அடுத்த மழைக்கு முன்பே ரவா இருமத் தொடங்கியது.

படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். இந்த முறையும் ஸ்டூலில் உட்கார்ந்து, நுரையீரலுக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். ரமணன் சார் எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இப்ப அங்க நடுராத்திரி" என்றார் மாமி.

"எழுப்பறேன்" என்றார் அவர். "ஸ்ரீ, எழுந்துக்கோ. நுரையீரலுக்கு வந்துடுத்து. இனிமே ஊசி பிரயோஜனப்படாதுன்னு நெனைக்கறேன், டாக்டர் இங்கதான் இருக்கா, கேட்டுக்கோ. வர முடிஞ்சா வா. முடியலேன்னா நாங்க பாத்துக்கறோம்."

அவன் வந்தான். இருமலையும் வீக்கத்தையும் மட்டுப்படுத்தும் மருந்துகளில் அதுவரை ரவாவைப் பிடித்து வைத்திருந்தோம். கதவைத் திறந்ததும் அவனை மோந்து பார்த்தது. வாலை ஆட்டியது, எந்த விருந்தாளிக்கும் ஆட்டுவதைப் போல. பிறகு திரும்பிப் போய் ரமணன் சாரின் பாதத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"சட்டைக்குள்ள வெச்சுத் தூக்கிண்டு வந்தேன்டா உன்னை" என்றான் ஸ்ரீராம் அதனிடம், சிரித்துக்கொண்டே.

"இது என்னோட நாய்" என்றார் ரமணன் சார்.

அதற்குப் பிறகு ரவா ஒரு வாரம் போல இருந்தது. கடைசி நாளன்று மூச்சு வயிற்றிலிருந்து வந்தது, சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் ஏழுமலையும் வீட்டுக்குப் போனோம். கூடத்தில் அந்த மெத்தையை விரித்திருந்தார்கள். இம்முறை ரவா அதில் படுத்தது. மாமி அதன் காதோரம் பேசிக்கொண்டே இருந்தார். ரமணன் சார், "போடுங்கோ" என்றார். போட்டேன். அமைதியாக முடிந்தது.

எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் எழ வேண்டிய நேரம்தான். ஆனால் உடனே எழுந்துவிடக் கூடாது, அந்த வீட்டார் முதலில் அசைய வேண்டும் என்பதை நீங்களும் பழகிக்கொள்வீர்கள். ஸ்ரீராம் நாயின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல் கேட்டான்.

"அப்பா, வேற ஏதாவது இருக்கா?"

"எது?"

"எனக்குச் சொல்லாதது."

ரமணன் சார் மாமியைப் பார்த்தார். மாமி நாயின் காதை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஏழுமலைக்குக் கண்ணைக் காட்டினேன். பையை மூடி எழுந்தோம். அவர்கள் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ரமணன் சாரின் குரல் கேட்டது.

"இருக்கு. எழுந்துக்காதே, உக்காரு. சொல்றேன்."

நாங்கள் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினோம்.